எயார் ரைபிளும் பன்னிரண்டு அடி-இறாத்தலும்

குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றினால் பயிர்களுக்கு ஏற்படும் அழிவு எமது நாட்டின் விவசாயிகளைப் பல வருடங்களாகவே வாட்டி வருகின்றது. 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15 ஆம் திகதி காலை 8 மணி தொடக்கம் 8.05 வரையான ஐந்து நிமிட நேரத்தில் நாடளாவிய ரீதியில் இவற்றைக் கணக்கெடுக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தோட்டத்துக்குள் புகும் விலங்குகளை விரட்டுவதற்குக் கூறப்படும் யோசனைகளுள் எயார் ரைபிளும் ஒன்றாக இருந்து வருகின்றது. வெடிமருந்து இல்லாமல், சுருள்வில் ஒன்றின் விசையினாலேயே இயங்கும் துவக்கு என்பதால் இதனை ஒரு விளையாட்டுப் பொருளாகக் கருதுவோரும் உளர். இதனைக் கொண்டு எதனையும் சாதித்துவிடலாமென நம்புவோரும் உளர். இரு சாராரும் இறுதியில் கேட்பது ஒரே கேள்வியைத்தான். மலிவு விலையில் கிடைக்கும் ஒரு எயார் ரைபிளை எவ்வாறு மேலும் பலமுள்ளதாக்குவது?

இக்கேள்வியே தவறானது என்பதை விளக்குவதற்காகவே இன்று இவ்விடயத்தை எடுத்துக்கொள்கின்றோம். மலிவான எயார் ரைபிளைத் திருத்தி மேம்படுத்த முடியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மேம்பாடு பலத்தைக் கூட்டுவதில் இல்லை. தொழிற்சாலை அரைகுறையாக விட்டுச்சென்ற வேலையை முடித்துக்கொடுப்பதிலேயே அது தங்கியுள்ளது.

முதலில் இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பார்ப்போம். பெரும்பாலான மலிவு ரகங்களில் குழலை நடுவே முறித்து மடக்குவோம். அப்போது ஒரு நெம்புகோல், உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிச் சுருள்வில்லை நெருக்குகின்றது. ஒரு கொளுவி பிஸ்டனைப் பிடித்துக்கொள்கின்றது. ஈயச் சன்னம் ஒன்றைக் குழலின் பின்வாயில் வைத்து மூடி, விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கின்றது. அதற்கு முன்னால் அகப்பட்ட காற்று கணப்பொழுதில் நசுங்கிச் சூடேறி, ஒரு சிறு துவாரத்தின் வழியே சன்னத்தைத் தள்ளுகின்றது. சுருள்வில்லில் சேமிக்கப்பட்ட சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சன்னத்தைச் சென்றடைகின்றது. மீதி வெப்பமாகவும் உராய்வாகவும் அதிர்வாகவும் வீணாகின்றது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண துவக்கு சுட்டதும் பின்னோக்கி உதைக்கும். எயார் ரைபிளோ இரண்டு தடவை உதைக்கின்றது. கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது துவக்கு பின்னே நகர்கின்றது. பிஸ்டன் உருளையின் முனையில் வந்து நின்றதும் துவக்கு முன்னே துள்ளுகின்றது. இதன் பெரும்பகுதி சன்னம் குழலைவிட்டு வெளியேறுவதற்கு முன்னரே நடந்துவிடுகின்றது என்பதுதான் சிக்கல். சன்னம் இன்னும் குழலுக்குள் இருக்கையில் குழல் ஆடிக்கொண்டிருக்கின்றது.

எமது இளமைக் காலத்தில் ஊர்க் காணிவேல்களில் பலூன் சுடும் கடை ஒன்று தவறாமல் இருக்கும். தோளில் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுகப் பிடித்துச் சுட்டும் ஒரு பலூன்தானும் வெடிக்காத ஒரு மாலையில், கடைக்காரப் பெரியவர் இரக்கப்பட்டு, “இறுக்கிப் பிடியாதையும் தம்பி, பிள்ளையைத் தூக்குறமாதிரித் தூக்கும்” என்றார். அவர் சொன்னதன் பௌதிகவியல் எமக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன. இறுகப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் பிடியின் இறுக்கம் மாறுபடும். துவக்கு துள்ளும் விதமும் மாறுபடும். தளர்வாகத் தாங்கிக்கொண்டால் அது தன்பாட்டில், ஒவ்வொரு தடவையும் ஒரே விதமாகத் துள்ளும். பீரங்கி தனது தாங்கியில் பின்னே சறுக்குவதைப்போன்றது என்பதால் ஆங்கிலத்தில் இதனைப் ‘பீரங்கிப் பிடி’ என்று அழைக்கின்றனர். செலவில்லாத இந்த மேம்பாட்டைச் செய்யாமல் ஸ்பிரிங்கை மாற்ற ஓடுபவர்களே அதிகம்.

எயார் ரைபிளைத் திருத்தும் கலை ஒரு கைப்பணியாகவே வளர்ந்த இடம் பிரித்தானியா. பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த லிங்கன் ஜெப்ரீஸ் என்பவரின் வடிவமைப்பை 1905 ஆம் ஆண்டளவில் பி.எஸ்.ஏ. நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. அதுவரை சந்தையில் பெரும்பாலும் விளையாட்டுச் சாமானாக இருந்த காற்றுத் துப்பாக்கி, குறிபார்த்துச் சுடத்தக்க கருவியாக மாறியது. அந்நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மதுக்கடைகளின் பின்னறைகளில் இரும்புத் தகட்டின் நடுவேயுள்ள சிறு துவாரத்தினூடாகச் சுட்டு மணியை ஒலிக்கச் செய்யும் போட்டிகள் உழைக்கும் மக்களின் பொழுதுபோக்காயின. ஜேர்மனியின் ரஸ்டாட் நகரில் உருவான டயானா ரகத் துப்பாக்கிகளும் இதே காலப்பகுதியில் புகழ்பெற்றன.

ஆயினும் கைப்பணிக்கு உண்மையான உந்துதலைக் கொடுத்தது ஒரு சட்டமே. 1968 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின் கீழ் 1969 இல் கொண்டுவரப்பட்ட விதிகள், பன்னிரண்டு அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16.27 ஜூல் சக்திக்கு மேற்பட்ட எயார் ரைபிள்களை விசேட ஆபத்துள்ளவை என வகைப்படுத்தி அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தன. கைத்துப்பாக்கிக்கு வரம்பு இதில் பாதி. ஜேர்மனியில் அனுமதியின்றி வாங்கக்கூடியவற்றுக்கு 7.5 ஜூல் என்ற இன்னும் தாழ்ந்த எல்லை இருக்கின்றது. ஐங்கோணத்துள் பொறிக்கப்பட்ட ‘எஃப்’ எழுத்து அதன் அடையாளம். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 20 ஜூலை எல்லையாகக் கொண்டுள்ளன. ஸ்கொட்லாந்து 2016 டிசம்பர் 31 முதல் சாதாரண எயார் ரைபிளுக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கியுள்ளது.

பலத்தின் மேல் கூரை போடப்பட்டதால் பிரித்தானிய ஆர்வலர்கள் பலத்தைத் துரத்துவதைக் கைவிட நேர்ந்தது. அனைவரது கையிலும் ஒரே பன்னிரண்டு அடி-இறாத்தல்தான் என்றால் போட்டி வேறெதில் இருக்க முடியும்? துள்ளல் குறைந்த, ஓசை குறைந்த, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சுடக்கூடிய துப்பாக்கியை ஆக்குவதில்தான். அத்தகைய எல்லை இல்லாத அமெரிக்காவிலோ மலிவு ரைபிள்களின் பெட்டிகளில் செக்கனுக்கு 1000 அடி, 1200 அடி என்று வேகங்கள் பெரிதாக அச்சிடப்பட்டன. மிக இலேசான கலப்புலோகச் சன்னங்களைச் சுட்டுப் பெற்ற எண்கள் அவை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இச்சன்னங்கள் தடுமாறிக் குறிதவறுகின்றன என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

இன்று உலகெங்கும் மலிவு விலையில் விற்கப்படுபவற்றில் பெரும்பங்கு சீனத் தயாரிப்புகள். சீனத்து உருக்கு மோசமானது என்று சொல்வோருடன் நாம் உடன்படவில்லை. குழலும் உருளையும் அநேகமாகத் தேவைக்குப் போதுமானவை. விலையைக் குறைப்பதற்காக வெட்டப்பட்டது உலோகமன்று, மனித நேரம். வெட்டிய விளிம்புகளை அரம் கொண்டு மழுங்கச் செய்ய ஒரு தொழிலாளிக்குச் சில நிமிடங்கள் வேண்டும். அந்நிமிடங்களே மிச்சம் பிடிக்கப்பட்டுள்ளன. துருப்பிடிக்காமல் கப்பலேற்றுவதற்காக உள்ளே நாற்றமடிக்கும் கிறீஸ் அள்ளிப் பூசப்பட்டுள்ளது. வாங்கியவர் தனது ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டு அந்நிமிடங்களைத் திருப்பிக்கொடுப்பதே இங்கு நாம் பேசும் மேம்பாடு.

கிறீஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. மலாய்த் தீவுகளிலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் பண்டைய மக்கள் கொம்பினாலோ மூங்கிலாலோ செய்த சிறு குழாயொன்றினுள் இறுக்கமான தண்டை ஓங்கி அறைந்து, உள்ளே வைத்த பஞ்சு போன்ற பொருளில் தீ மூட்டினர். நெருக்கப்பட்ட காற்று சூடேறும் என்ற அதே தத்துவத்தில்தான் டீசல் இயந்திரம் ஓடுகின்றது. எயார் ரைபிளின் உருளைக்குள்ளும் காற்று பல நூறு பாகை வெப்பத்தை எட்டுகின்றது. அங்கே எண்ணெய் இருந்தால்? பிரித்தானியாவைச் சேர்ந்த கார்டியூ என்ற தந்தையும் மகனும் இதனைப் பரிசோதனை மூலம் ஆராய்ந்து 1976 இல் நூலாக வெளியிட்டனர். ஒட்சிசன் இல்லாத நைதரசன் வாயுவில் அவர்கள் ரைபிளைச் சுட்டுப் பார்த்தபோது சன்னத்தின் வேகம் வெகுவாக வீழ்ச்சியடைந்தது. அதாவது, பலமான சுருள்வில் ரைபிள் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறிதளவு எண்ணெயை எரித்தே தனது வேகத்தைப் பெறுகின்றது என்பது நிரூபணமாயிற்று. எரிதல் அளவோடு இருக்கும் வரை நல்லது. அளவு கூடினால் அது வெடிப்பாக மாறுகின்றது. பெரும் ஓசையும் புகையும் எழும், பிஸ்டனின் முத்திரை கருகும், சுருள்வில் உடையும்.

ஆகவே வீட்டிலுள்ள தையல் இயந்திர ஒயிலை ‘நன்றாக ஓடட்டும்’ என்று காற்றுத் துவாரத்தினுள் விடும் பழக்கத்தை உடனடியாக நிறுத்த வேண்டும். அடுத்த சில சூடுகள் படுவேகமாகப் பறப்பதைக் கண்டு துவக்கு பலமடைந்துவிட்டது என மகிழ்வோர், உண்மையில் அதன் உட்பாகங்களையே எரிக்கின்றனர். பழைய ரகங்களில் தோலினால் செய்த முத்திரை இருக்குமாயின் அது காயாதிருக்க இடையிடையே ஓரிரு துளி எண்ணெய் தேவைதான். செயற்கைப் பொருளாலான முத்திரைக்கு அதுவும் வேண்டியதில்லை.

திருத்த வேலையை எங்கு தொடங்குவது? கழற்றுவதில் அல்ல, அளப்பதில். சன்னத்தின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப் என்ற கருவி இன்று கைக்கடக்கமாகக் கிடைக்கின்றது. பத்துச் சூடுகளின் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 0.52 கிராம் நிறையுள்ள 4.5 மில்லிமீற்றர் சன்னம் செக்கனுக்கு 240 மீற்றர் வேகத்தில் சென்றால் அதன் சக்தி ஏறத்தாழ 15 ஜூல். 250 மீற்றரை எட்டினால் பிரித்தானிய எல்லையின் விளிம்பில் நிற்கின்றது. பத்து மீற்றர் வேக வித்தியாசம்தான் சட்டத்துக்கும் சட்டமீறலுக்கும் இடையிலுள்ள தூரம் என்பது கவனிக்கத்தக்கது. சராசரி வேகத்தைவிட முக்கியமானது சூட்டுக்குச் சூடு அது எவ்வளவு மாறுபடுகின்றது என்பதாகும்.

அடுத்து, மரப்பிடியை உடலோடு இணைக்கும் திருகாணிகள். இரட்டைத் துள்ளலினால் இவை தாமாகவே தளர்கின்றன. பலரது ‘குறிதவறும் துவக்கு’ இரண்டு திருகாணிகளை இறுக்கியதும் குணமாகிவிட்டதுண்டு. பின்னர் குழலைத் துணியினால் துடைத்துத் தொழிற்சாலை எண்ணெயை அகற்ற வேண்டும். குழல்வாயின் உள்விளிம்பில் பிசிறு இருந்தால் சன்னம் வெளியேறும் கணத்தில் ஒரு பக்கமாகத் தட்டப்படும். இது பார்வைக்குப் புலப்படாது, பஞ்சை விளிம்பில் சுற்றினால் நார் சிக்குவதிலிருந்து தெரியும். குழல் மூடும் இடத்தில் உள்ள றப்பர் வளையத்தில் காற்றுக் கசிகின்றதா என்பதை ஒரு மெல்லிய கடதாசித் துண்டை அதன்மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். அது பறந்தால் வளையத்தை மாற்ற வேண்டும், அவ்வளவே. சன்னத்திலும் நான்கைந்து வகைகளை வாங்கிச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரே அளவு எனப் பெயரிடப்பட்டவையும் தலைப்பகுதியின் விட்டத்தில் நூலிழை வேறுபடுகின்றன. எந்தக் குழலுக்கு எது பொருந்தும் என்பதைச் சுட்டே அறிய முடியும்.

இவற்றுக்குப் பிறகே உடலைத் திறக்க வேண்டும். எச்சரிக்கையாகச் சொல்கின்றோம்: விசை இழுக்கப்படாத நிலையிலும் சுருள்வில் உள்ளே நெருக்கப்பட்டே இருக்கின்றது. அதன் மூடியைக் கையால் பிடித்துக்கொண்டு கழற்றினால் அது முகத்தை நோக்கிப் பாயும். மூடியை அழுத்திப் பிடித்து மெதுவாகத் தளர்த்தும் ஒரு பிடிகருவி, மரச்சட்டத்தில் ஒரு நீண்ட திருகைப் பொருத்திச் செய்ததாயினும் சரி, இல்லாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. குழல் மடக்கப்பட்டிருக்கும்போது விசையை இழுப்பது அதைவிட மோசமானது. குழல் சவுக்கைப்போல் மேலெழுந்து விரல்களைச் சிதைக்கும். சன்னம் வைக்கும் முழு நேரமும் மறு கை குழலைப் பிடித்திருக்க வேண்டும்.

உள்ளே இருப்பதையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் தொழிற்சாலை விட்டுச்சென்றவை கண்ணுக்குத் தெரியும். நெம்புகோல் ஓடும் நீள்துவாரத்தின் விளிம்புகள் கத்திபோல் இருக்கும். புதிய முத்திரையைப் பொருத்தும்போது அதனைச் சீவிவிடுவது இவ்விளிம்புகளே. நுண்ணிய அரத்தினாலும் அரத்தாளினாலும் இவற்றை மழுங்கச் செய்ய வேண்டும். சுருள்வில்லின் இரு முனைகளும் தட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். அதனைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தால் வளைந்திருப்பது தெரியும். வளைந்திருந்தால் அதே பலமுள்ள புதியதை இடுவதே முறை.

சுட்டதும் எழும் ‘டொய்ங்’ என்ற அதிர்வோசைக்குக் காரணம், சுருள்வில்லின் உள்ளே நிற்கும் வழித்தண்டு தளர்வாக இருப்பதாகும். மலிவு ரகங்களில் இது மடித்த தகட்டுக் குழாயாக இருக்கும். நைலோன் போன்ற கடினப் பிளாஸ்ரிக்கில் சுருள்வில்லுக்குள் இறுக்கமாகப் புகும் தண்டொன்றை எந்தக் கடைசல் பட்டறையிலும் கடைந்துகொள்ளலாம். எமது அபிப்பிராயத்தில் மலிவு ரைபிள் ஒன்றில் பணம் செலவழிக்கத் தக்க இடம் இதுவே. பொருத்திய பின் துவக்கின் சத்தம் ‘டொய்ங்’ என்பதிலிருந்து ‘டக்’ என்பதாக மாறுவதைக் கேட்பவர் மீண்டும் பலத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்.

மீளப் பொருத்தும்போது பிஸ்டனின் பக்கங்களிலும் உராயும் இடங்களிலும் மொலிப்டினம் டைசல்பைட் கலந்த பசையை மிக மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். சுருள்வில்லின் மீது தார் போன்று ஒட்டும் கெட்டிக் கிறீஸைச் சிறிதளவு பூசலாம். முத்திரைக்கு முன்னால் எதுவும் படலாகாது. விசைப் பொறியில் உள்ள கொளுவியின் முனைகளை மட்டும் யாரும் அரத்தால் தொடவேண்டாம். அங்கு ஒரு நூலிழை குறைந்தால் துவக்கு தானாகவே வெடிக்கும்.

இனி அந்தப் பலமான ஸ்பிரிங் விடயத்துக்கு வருவோம். உருளைக்குள் அடங்கும் காற்றின் அளவு மாறாதது. அதனைக் கூடிய விசையுடன் அறைந்தால் பிஸ்டன் தனக்கு முன்னே உள்ள உயரழுத்தக் காற்றில் மோதிப் பின்னெழும்புவதே மிஞ்சுகின்றது. வேகம் சிறிது கூடும், துள்ளல் பெரிதும் கூடும், மடக்குவதற்குத் தேவையான பலம் ஏறும், மரப்பிடி வெடிக்கும், மேலே பொருத்திய தொலைநோக்கி, முன்னோக்கிய துள்ளலைத் தாங்க முடியாமல் உட்பாகம் கழன்றுபோகும். இவ்வளவுக்கும் பிறகு துவக்குக்காரர் முன்னர் தொட்ட இலக்கைத் தொடமுடியாதவராகின்றார். பிரித்தானியாவில் வசிப்பவராயின், அனுமதிப்பத்திரமற்ற சுடுகலனை வைத்திருக்கும் குற்றவாளியாகவும் ஆகின்றார். அறியாமல் செய்தேன் என்பது அங்கு எடுபடாது. லண்டனிலுள்ள எமது உறவுகளின் பிள்ளைகள் இவ்விளையாட்டில் ஈடுபடுவதாயின் இதனை மனதிற் கொள்வது நன்று.

மீண்டும் எமது தோட்டங்களுக்கு வருவோம். 12 அடி-இறாத்தல் ரைபிளைக் கொண்டு பிரித்தானிய வேட்டைக்காரர்கள் முயல் போன்ற சிறு பிராணிகளை, அதுவும் 30 மீற்றர் அளவிலான தூரத்தில், தலையைக் குறிவைத்தே சுடுகின்றனர். குரங்கின் உடலில் இச்சன்னம் பாய்ந்தால் அது செத்துவிழாது. ஈயத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடி, நாட்கணக்கில் சீழ்ப்பிடித்து வருந்தும். அல்லது கண்ணிழந்து அலையும். ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவதால் இந்நிலை மாறப்போவதில்லை. வாயில்லாப் பிராணியை வதைப்பதை எமது இரு சமூகங்களின் சமயங்களும் அனுமதிப்பதில்லை என்பதை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. இலக்கைத் தவறிய சன்னமோ சில நூறு மீற்றர் தூரம் செல்லக்கூடியது. வேலிக்கு அப்பால் அயலவரின் முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் ஊர்களில் அது எங்கு போய் விழுகின்றது என்பதைச் சுடுபவர் அறியமாட்டார். கண்ணில் படும் எயார் ரைபிள் சன்னம் அக்கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் பறித்துவிடும் என்பதைக் கண் வைத்தியர்கள் எங்கும் சொல்லக் கேட்கலாம்.

எமது நாட்டில் துப்பாக்கி அனுமதிப்பத்திரங்கள் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பிலுள்ளவை. ‘எயார் ரைபிள்தானே’ என எண்ணிக்கொண்டு வாங்குவதற்கும், வைத்திருப்பதற்கும், திருத்துவதற்கும் முன்னர் அங்கு விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும். முறைப்படி வைத்திருப்பவர் திருத்த வேலைக்குப் பின்னர் முதல் ஐம்பது, நூறு சூடுகளின் வேகத்தைக் கணக்கிலெடுக்க வேண்டியதில்லை. புதிதாகப் பூசிய கிறீஸ் எரிவதால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும். அது தணிந்த பின் மீண்டும் பத்துச் சூடுகளை அளந்து, முதல்நாள் குறித்த எண்களின் பக்கத்திலேயே திகதியிட்டு எழுதிக்கொள்ளலாம். சராசரி வேகம் ஏறக்குறைய முன்னையதாகவே இருக்கும். சூட்டுக்குச் சூடு உள்ள வித்தியாசம் குறைந்திருக்கும். 20 மீற்றரில் வைத்த கடதாசியில் தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குச் சிதறிய துளைகள் ஒரு ரூபா நாணயத்துக்குள் அடங்கத் தொடங்கியிருக்குமாயின் வேலை முடிந்தது. மேலும் கழற்ற வேண்டியதில்லை.